கட்டளை இல்லா ஒழுங்கு

நுழையும்முன்

தேர்வடம் பிடிப்போர் நூற்றுக்கணக்கானோர் ஆயினும், அவர்களுக்குக் குரல் கொடுப்பவர் ஒருவர் இருப்பார். அணிவகுப்பில் நடப்போர்க்குக் கட்டளையிடும் தலைவர் ஒருவர் உண்டு. ஆதலால், ஒழுங்கு காணப்படும் இடத்திலெல்லாம் அதனை ஏற்படுத்தியவர் ஒருவர் இருந்தே தீர வேண்டும் என்று நம் மனம் எளிதில் முடிவுகட்டிவிடுகிறது. இயற்கையோ வேறொரு வழியையும் காட்டுகிறது. தலைவரும் கட்டளையும் இன்றியே கடிகாரங்கள் இணைந்து ஆடுகின்றன. பூச்சிகள் இணைந்து ஒளிர்கின்றன. லேசர்கள் இணைந்து அலைவுறுகின்றன. இந்த ஒழுங்கு எவ்வாறு பிறக்கிறது? அது எப்போதும் நன்மையே தருமா? இவ்வினாக்களுக்கு அறிவியல் கண்ட விடைகளை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இரு கடிகாரங்களின் உறவு

பதினேழாம் நூற்றாண்டில் கடலோடிகளை வாட்டிய பெருஞ்சிக்கல் ஒன்று இருந்தது. நடுக்கடலில் தாம் இருக்கும் தீர்க்கக்கோட்டை அறிய, புறப்பட்ட துறைமுகத்தில் அப்போது என்ன நேரம் என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டும். இரண்டு இடங்களுக்கும் ஒரு மணிநேர வேறுபாடு இருந்தால் தீர்க்கக்கோட்டில் 15 பாகை வேறுபாடு உண்டு என்று கணக்கிடலாம். அதற்குப் பிழையின்றி ஓடும் கடிகாரம் தேவைப்பட்டது. நெதர்லாந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1656இல் ஊசல் கடிகாரத்தை உருவாக்கி, அதனைக் கடற்பயணத்துக்கும் ஏற்றதாக்க முயன்றுவந்தார். ஒன்று நின்றாலும் மற்றொன்று ஓட வேண்டும் என்பதற்காகக் கடிகாரங்களை இரண்டிரண்டாக அமைத்தார்.

1665 பிப்ரவரியில் அவர் உடல்நலங்குன்றி அறைக்குள் முடங்கியிருந்தார். அங்கே ஒரே உத்தரத்தில் அருகருகே தொங்கிய இரு கடிகாரங்கள் அவர் கண்ணில் பட்டன. அவற்றின் ஊசல்கள் இம்மியும் பிசகாமல் ஒரே வேளையில் எதிரெதிர்த் திசைகளில் ஆடின. ஒன்று இடப்புறம் செல்லும்போது மற்றது வலப்புறம் சென்றது. அவர் வேண்டுமென்றே அந்த ஆட்டத்தைக் கலைத்தார்; அரைமணி நேரத்துக்குள் ஊசல்கள் பழைய நிலைக்கே திரும்பின. கடிகாரங்களைப் பிரித்து அறையின் வேறு வேறு பகுதிகளில் வைத்தபோது, அவை மெல்ல மெல்ல விலகி, ஒரு நாளில் ஐந்து நொடி அளவுக்கு வேறுபட்டன.

ஊசல்கள் கிளப்பும் காற்றே இதற்குக் காரணம் என்று ஹைகன்ஸ் முதலில் கருதினார். பின்னர், அவற்றைத் தாங்கிய உத்தரமே காரணம் என உணர்ந்தார். ஒவ்வோர் ஊசலும் ஆடும்போது உத்தரத்தைக் கண்ணுக்குப் புலப்படாத அளவில் அசைக்கிறது. இரண்டும் ஒரே திசையில் ஆடினால் அந்த அசைவுகள் கூடும். உத்தரம் ஊசல்களின் ஆற்றலை உறிஞ்சும். இரண்டும் எதிரெதிராக ஆடினால் அசைவுகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். உத்தரமும் அமைதியாக நிற்கும். ஆகவே எந்நிலையில் தொடங்கினாலும் எதிராட்டத்திலேயே அவை நிலைகொள்கின்றன. இலண்டன் அரசவை அறிவியல் கழகத்துக்கு ஹைகன்ஸ் இதனை எழுதி அறிவித்தார்.

இக்கண்டுபிடிப்பு அவருடைய கடற்கடிகாரத்துக்குத் துணைநிற்கவில்லை. இத்துணைச் சிறிய அசைவுக்கே வசப்படும் ஊசல், அலைகடலில் எவ்வாறு நேரம் காட்டும் என்ற ஐயத்தையே அது எழுப்பியது. எனினும் பொருள்களிடையே தானே தோன்றும் ஒத்திசைவு அறிவியலின் பார்வைக்கு வந்தது இந்நிகழ்வால்தான்.

இமைத்தது கண்ணா, பூச்சியா?

ஹைகன்ஸ் கண்டவை இரண்டே கடிகாரங்கள். ஆயிரக்கணக்கான உயிர்களிடம் இத்தகைய ஒழுங்கு தோன்றுமா? தோன்றும் என்று கண்டவர்கள் கூறினர், கேட்டவர்கள் நம்பவில்லை.

செருமானிய மருத்துவர் எங்கல்பெர்ட் கெம்ப்ஃபர் 1690இல் அன்றைய சயாம் நாட்டில் ஆற்றுவழிப் பயணம் மேற்கொண்டார். கரையோர மரமொன்றில் மொய்த்திருந்த மின்மினிகள் யாவும் ஒரே கணத்தில் ஒளிர்ந்து ஒரே கணத்தில் அணைவதை அவர் கண்டு எழுதினார். அவருக்குப் பின் சென்ற பயணிகளும் அவ்வாறே எழுதினர். ஆனால் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அறிவியலாளர் பலர் இதனை ஏற்கவில்லை. ஆயிரம் பூச்சிகளுக்குத் தாளம் போடுபவர் யார் என்பதே அவர்களின் வினா. காண்பவரின் இமைத்துடிப்பே பூச்சிகளின் இமைப்பாகத் தோன்றியிருக்கும் என்று 1917இல் பிலிப் லாரென்ட் என்பவர் விளக்கம் எழுதினார்.

1960களில் ஜான் பக், எலிசபெத் பக் என்னும் அமெரிக்க ஆய்வாளர் இணையர் தாய்லாந்துக்குச் சென்றனர். ஆற்றங்கரை மின்மினிகளைப் பிடித்துவந்து தம் விடுதியறையை இருளாக்கி, அங்கே பறக்கவிட்டனர். முதலில் அவை தாறுமாறாக ஒளிர்ந்தன. சற்று நேரத்தில் சுவரில் அருகருகே அமர்ந்தவை இரண்டும் மூன்றுமாக இணைந்து ஒளிரத் தொடங்கின. பின் அக்குழுக்கள் பெருகின. அங்கே தலைமைப் பூச்சி எதுவும் இல்லை. ஒவ்வொரு பூச்சியின் உடலிலும் ஒளிரும் வேளையைக் குறிக்கும் இயல்பான தாளம் உண்டு. அண்டைப் பூச்சியின் ஒளியைக் கண்டதும் அது தன் அடுத்த ஒளிர்வைச் சிறிது முன்னோ பின்னோ மாற்றிக்கொள்கிறது. ஒவ்வொன்றும் இவ்வாறு சிறிது மாற மாற, மரம் முழுவதும் ஒரே விளக்காகிவிடுகிறது.

நம் நெஞ்சுக்குள்ளும் இத்தகைய ஒழுங்கு நிகழ்கிறது. இதயத்தின் துடிப்பைத் தொடங்கிவைக்கும் முடிச்சில் சுமார் 10,000 உயிரணுக்கள் உள்ளன. அவற்றுள் ஏனையவற்றுக்கு ஆணையிடும் அணு ஒன்றும் இல்லை. மின்துடிப்புகளால் ஒன்றையொன்று தூண்டி, அவை ஒரே தாளத்துக்கு வருகின்றன. நாம் உறங்கும்போதும் அவ்வொழுங்கு ஓய்வதில்லை.

தனக்கென ஒரு தாளம்

ஒத்திசைவு தோன்ற முதலில் வேண்டுவது, ஒவ்வோர் உறுப்புக்கும் தனக்கென ஒரு தாளம் இருப்பது. ஆடும் பொருள்கள் அனைத்துக்கும் இத்தன்மை உண்டா? நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டிப் பாருங்கள். மெல்ல ஆட்டினால் சிறிதாகவும் வேகமாக ஆட்டினால் பெரிதாகவும் ஆடும். சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும். தன் ஆட்டம் இவ்வளவு என்ற வரையறை அக்கல்லுக்கு இல்லை.

கடிகார ஊசல் அவ்வாறன்று. இறங்கும் எடைக்கல் அதற்கு ஆற்றலை ஊட்டிக்கொண்டே இருக்கிறது. பலமாகத் தள்ளினாலும் சிறிதே அசைத்தாலும், சற்று நேரத்தில் அது தன் வழக்கமான வீச்சுக்கே வந்து சேரும். தள்ளிய அளவுக்கு ஏற்ப விளைவு அமைவது நேரியல் இயக்கம் எனப்படும். தள்ளலின் அளவுக்குக் கட்டுப்படாமல், தன் இயல்பான ஆட்டத்துக்கே மீளும் கடிகார ஊசல் போன்றவை நேரியலற்ற அலையியற்றிகள் ஆகும். மின்மினியும் இதய அணுவும் லேசரும் இவ்வகையின.

இவ்வகை அலையியற்றிக்கு ஒரு சிறப்புண்டு. அதன் வீச்சை எளிதில் மாற்ற இயலாது. ஆனால் அதன் கட்டத்தை, அதாவது சுழற்சியில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதை, ஒரு சிறு தூண்டலாலும் முன்பின்னாக நகர்த்த முடியும். தன் ஆட்டத்தை விடாமலேயே பிறிதொன்றின் வேளைக்கு இசையும் இந்த இயல்பே ஒத்திசைவின் வேர்.

இணைப்பும் வேறுபாடும்

ஒரே வகைக் கடிகாரங்களும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. ஒன்று சற்று விரைவாகவும் மற்றொன்று சற்று மெதுவாகவும் ஓடும். ஆகவே ஒவ்வொரு கூட்டத்திலும் இரு போக்குகள் போட்டியிடுகின்றன. உறுப்புகளின் வேறுபாடு அவற்றைப் பிரிக்கிறது; அவற்றிடையே உள்ள இணைப்பு அவற்றைச் சேர்க்கிறது. வெல்வது எது?

சப்பானிய இயற்பியலாளர் யோஷிக்கி குராமோட்டோ 1975இல் இவ்வினாவுக்கு எளிய கணித வடிவம் ஒன்றைத் தந்தார். வெவ்வேறு வேகமுள்ள அலையியற்றிகள் எண்ணற்றவை உள்ளன. ஒவ்வொன்றும் மற்றெல்லாவற்றின் செல்வாக்குக்கும் உட்பட்டது என்று அவர் கொண்டார். இணைப்பின் வலிமையைச் சிறிது சிறிதாக உயர்த்தினால் ஒழுங்கும் சிறிது சிறிதாகவே வளரும் என நாம் எதிர்பார்ப்போம். கணக்கின் விடையோ வேறு. குறிப்பிட்ட ஒரு வரம்பை எட்டும் வரை ஒழுங்கு தோன்றுவதே இல்லை. வரம்பைக் கடந்ததும், நடுத்தர வேகமுடையவற்றின் கூட்டம் ஒன்று இணைகிறது. அக்கூட்டத்தின் செல்வாக்கு மேலும் பலவற்றை ஈர்க்கிறது. மிக விரைவானவையும் மிக மெதுவானவையும் இறுதியில் சேரும். இணைப்பு போதாவிடில் சேராமலேயும் நிற்கும்.

நீர் குளிர்ந்துகொண்டே வந்து, உறைநிலையை அடைந்ததும் பனிக்கட்டியாவதை இது ஒத்திருக்கிறது. தனி மூலக்கூறு எதுவும் உறைவதற்கு ஆணையிடுவதில்லை. கூட்டத்தின் நிலையே மாறுகிறது.

ஒளியின் ஒழுங்கு

சாதாரண விளக்கில் கோடானுகோடி அணுக்கள் ஒளியை உமிழ்கின்றன. ஒவ்வோர் அணுவும் தான் நினைத்த வேளையில் உமிழ்வதால் அலைகள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. சந்தைக்கடையில் பலரும் பேசுவது போல் அவ்வொளி அமைகிறது.

1960 மே 16 அன்று அமெரிக்காவில் தியோடர் மைமன் செந்நிற ஒளிதரும் மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை இயக்கினார். அப்படிகத்தின் செவ்வொளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 430 இலட்சம் கோடி முறை அலைவுறுவது. லேசரில், கிளர்ச்சியூட்டப்பட்ட அணுக்கள் எதிரெதிரான இரு ஆடிகளுக்கு நடுவே அமைகின்றன. ஆடிகளிடையே சென்று திரும்பும் ஒளி, வழியிலுள்ள அணுக்களைத் தன்னைப் போலவே ஒளி உமிழத் தூண்டுகிறது. ஊட்டும் ஆற்றல் குறைவாயின் லேசரும் வெறும் விளக்கே. ஆற்றல் ஒரு வரம்பைத் தாண்டியதும் அணுக்கள் யாவும் ஒரே கட்டத்தில் ஒளி உமிழத் தொடங்குகின்றன.

லேசர்க் கொள்கையை வகுத்தவர்களுள் ஒருவரான செருமானிய இயற்பியலாளர் ஹெர்மன் ஹாக்கன் இதில் ஓர் ஆழ்ந்த உண்மையைக் கண்டார். அணுக்கள் சேர்ந்து ஒளியலையை உருவாக்குகின்றன. அந்த ஒளியலையே அணுக்களை நெறிப்படுத்துகிறது. ஆள்வதும் ஆளப்படுவதும் அவையே. உறுப்புகளின் கூட்டுறவால் ஒழுங்கு தானே பிறக்கும் இந்நிகழ்வைத் தன்னொழுங்கமைவு என்பர். இதனை ஆராயும் துறைக்கு ஹாக்கன் சினெர்ஜெட்டிக்ஸ் எனப் பெயரிட்டார்.

லேசர்கள் இணையும்போது

ஒரு லேசரின் உள்ளே அணுக்கள் இணைகின்றன. பல லேசர்களை இணைக்க முடியுமா? இது பயன் கருதி எழுந்த வினா. பத்து லேசர்கள் தனித்தனியே ஒளிர்ந்தால் ஒன்றைப்போலப் பத்து மடங்கு செறிவே கிடைக்கும். பத்தும் ஒரே கட்டத்தில் அலைவுற்றால் ஒளியலையின் வீச்சு பத்து மடங்காகும். செறிவு, வீச்சின் இருமடியைப் பொறுத்தது. எனவே கற்றையின் நடுவில் நூறு மடங்கு செறிவு கிடைக்கும். மொத்த ஆற்றல் பெருகுவதில்லை. சிதறிச் சென்ற ஆற்றல் குறுகிய கற்றையில் குவிகிறது.

குறைகடத்தி லேசர்களை மிக நெருக்கமாக வரிசையில் அமைத்தால், ஒன்றின் ஒளி சிறிதளவு அண்டை லேசருக்குள் கசியும். ஹைகன்ஸின் கடிகாரங்களுக்கு உத்தரம் செய்த பணியை இங்கே அக்கசிவு செய்கிறது. அதிர்வெண்கள் போதிய அளவு நெருங்கியிருந்தால் லேசர்கள் இணைந்துவிடுகின்றன. ஆனால் பொறியாளர்கள் ஓர் இடர்ப்பாட்டைச் சந்தித்தனர். அண்டை லேசர்கள் பெரும்பாலும் ஒத்த கட்டத்தில் அன்றி எதிர்க்கட்டத்திலேயே இணைந்தன. ஒன்றின் முகடு மற்றதன் அகடாக அமைந்ததால், கற்றையின் நடுவில் ஒளி கூடாமல், இருபுறமும் பிரிந்து சென்றது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இரு கடிகாரங்கள் காட்டிய அதே எதிராட்டம் இங்கே ஒளியில் தோன்றியது. ஒத்த கட்டத்துக்கு மட்டும் இசைவான வகையில் வெளியே ஆடி அமைத்தல் போன்ற உத்திகளால் இதனைச் சரிசெய்கின்றனர். லேசர்களுக்குக் கட்டளையிட இயலாது. அவை இணையும் சூழலை மாற்றியமைக்கலாம்.

கணிக்க இயலாதவையும் இணையும்

சில அலைவுகள் ஒருமுறை போல் மறுமுறை நிகழா. தொடக்கத்தில் உள்ள மயிரிழை வேறுபாடும் அவற்றில் விரைவில் பெருவேறுபாடாகிவிடும். இதனைக் கேயாஸ் என்பர். இத்தகைய இரு கருவிகள் ஒருபோதும் ஒன்றுபோல் இயங்கா என்றே எண்ணத் தோன்றும். ஆனால் ஒன்றன் குறிப்பலையை மற்றொன்றுக்குத் தகுந்த முறையில் ஊட்டினால் அவையும் இணையும் என்பதை 1990இல் அமெரிக்காவின் பெக்கோரா, கரோல் ஆகிய இருவரும் நிறுவினர். 1994இல் ராஜர்ஷி ராய், தார்ன்பர்க் ஆகியோர் ஒரே படிகத்தில் அருகருகே அமைந்த இரு லேசர்களின் கேயாஸ் அலைவுகள் இணைவதைச் சோதனையில் காட்டினர்.

அதே 1994ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த முரளி, இலட்சுமணன் ஆகியோர் லியோன் சுவாவுடன் இணைந்து எளிய மின்சுற்று ஒன்றை அறிமுகப்படுத்தினர். மின்தடை, மின்தூண்டி, மின்தேக்கி, சுவா டையோடு ஆகியவற்றுடன் ஒரு மாறுமின்னழுத்த மூலமும் சேர்ந்ததே அச்சுற்று. மூவர் பெயராலும் வழங்கும் அது, கேயாசையும் அதன் ஒத்திசைவையும் மேசைமேல் வைத்துப் பயில உதவுவது. இன்றும் ஆய்வாளர்கள் பயன்படுத்துவது.

இவ்வாய்வுக்குப் பயனும் உண்டு. செய்தியைக் கேயாஸ் ஒளியில் மறைத்து அனுப்பினால் இடையில் கேட்பவருக்கு அது இரைச்சலாகவே படும். அதனோடு ஒத்திசையும் இணை லேசர் உள்ளவர் இரைச்சலை நீக்கிச் செய்தியைப் பெறலாம். 2005இல் ஏதென்சு நகரின் 120 கி.மீ. நீள ஒளியிழை வழியே இம்முறையில் செய்தி அனுப்பிக் காட்டினர்.

தெரிந்து தெளிவோம்

நம் வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஒரே மின்தொகுப்பில் இணைந்த மின்னாக்கிகள் அனைத்தும் ஒத்திசைவாகச் சுழல வேண்டும். தென்மாநிலங்களின் மின்தொகுப்பு நெடுங்காலம் தனித் தாளத்தில் இயங்கிவந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் – சோலாப்பூர் மின்தடம் வழியாக அது நாட்டின் பிற தொகுப்புகளுடன் ஒத்திசைந்தது. அன்றுமுதல் நாடு முழுவதும் ஒரே அதிர்வெண்ணில் இயங்குகிறது.

ஒத்திசைவு தீங்காகும் இடம்

இதுவரை கண்டவற்றால் ஒத்திசைவு எப்போதும் நல்லது என்று கருதிவிடலாகாது. இலண்டனில் தேம்சு ஆற்றின் குறுக்கே நடப்போர்க்கென அமைத்த மில்லெனியம் பாலம் 2000 சூன் 10 அன்று திறக்கப்பட்டது. மக்கள் திரளாக ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. இரண்டே நாளில் அதனை மூடினர். நடப்போர் எண்ணிக்கையைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சோதித்தபோது, சுமார் 160 பேர் வரை பாலம் அமைதியாக இருந்தது. அதற்கு மேல் சிலர் சேர்ந்ததும் ஆட்டம் வேகமாக வளர்ந்தது. குராமோட்டோ காட்டிய வரம்பைப் போன்றதொரு வரம்பு இங்கும் இருந்தது.

மக்கள் யாரும் திட்டமிட்டு நடக்கவில்லை. பாலம் சிறிது அசைந்ததும், விழாமல் இருக்க ஒவ்வொருவரும் கால்களை அகட்டி ஊன்றினர். அவ்வூன்றல்களே அசைவுக்கு ஆற்றல் ஊட்டின. அசைவு வளர, பலருடைய நடை அதற்கு இசைந்தது. காலடிகள் இணைந்த பின்னரே ஆட்டம் பிறந்தது என்று கொள்ளத் தேவையில்லை என்பதையும், நிலைகாக்கும் முயற்சியே ஆட்டத்தை வளர்க்கப் போதுமானது என்பதையும் பின்வந்த ஆய்வுகள் தெளிவுபடுத்தின. அதிர்வை உறிஞ்சும் கருவிகள் பொருத்திய பின், 2002 பிப்ரவரியில் பாலம் மீண்டும் திறக்கப்பட்டது.

மூளையிலும் இவ்வாறே. இதய முடிச்சின் அணுக்கள் இணைந்து துடிப்பது உயிர்காக்கிறது. மூளையின் நரம்பணுக்கள் அளவுமீறி ஒன்றாகத் துடிப்பதோ வலிப்பாகிறது. சிந்தனைக்கு நரம்பணுக்கள் வேண்டியபோது சேரவும் வேண்டியபோது பிரியவும் வேண்டும்.

எனவே, ஒழுங்கு தலைவரின்றியும் பிறக்கும் என்பது இவ்வாய்வுகள் தரும் முதல் உண்மை. அவ்வாறு பிறக்கும் ஒழுங்குக்கு நன்மை தீமை தெரியாது என்பது இரண்டாவது உண்மை. உத்தரமும் ஒளிக்கசிவும் பாலத்தின் தளமும் இணைப்பை மட்டுமே தருகின்றன. அவ்விணைப்பு எதில் முடியும் என அவை அறியா. எந்த இணைப்பை வலுப்படுத்துவது, எதனைத் தளர்த்துவது என்று தேர்ந்து செய்யும் பொறுப்பு மனிதரைச் சேர்ந்தது. பாலத்தில் அதிர்வு உறிஞ்சியைப் பொருத்தியதும், லேசர் வரிசைக்கு வெளியே ஆடியை அமைத்ததும் அப்பொறுப்பின் செயல்களே.

கலைச்சொல் அறிவோம்

அலையியற்றி – தனக்குரிய கால அளவில் மீண்டும் மீண்டும் அலைவுறும் அமைப்பு
கட்டம் – ஒரு சுழற்சியில் அலையியற்றி குறித்த வேளையில் இருக்கும் நிலை
ஒத்திசைவு – வெவ்வேறு தாளமுடையவை இணைப்பால் ஒரே தாளத்தை அடைதல்
தன்னொழுங்கமைவு – புறக்கட்டளையின்றி உறுப்புகளின் உறவால் ஒழுங்கு பிறத்தல்

கற்பவை கற்றபின்...

1. உருளக்கூடிய இரு வெற்றுத் தகரக் குவளைகள்மேல் மெல்லிய பலகையை வைத்து, ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஒலிக்கும் இரு தாளமானிகளை அதன்மீது இயக்குக. பிறகு பலகையைத் தரையில் வைத்து இயக்குக. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் குறிப்பெடுத்து வகுப்பில் எடுத்துரைக்க.
2. வகுப்பிலுள்ள அனைவரும் கண்களை மூடி, யாரும் தாளம் கொடுக்காமல் கைதட்டிப் பாருங்கள். தட்டல் இணைந்ததா, இணைந்தால் எவ்வாறு என்று கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. ஹைகன்ஸ் கடிகாரங்களை இரண்டிரண்டாக அமைத்ததன் நோக்கம் யாது?
2. நூலில் கட்டிய கல்லும் கடிகார ஊசலும் எவ்வகையில் வேறுபடுகின்றன?

சிறுவினா
1. 'ஆள்வதும் ஆளப்படுவதும் அவையே' – லேசர் ஒளியைக் கொண்டு விளக்குக.
2. இரு கடிகாரங்களுக்கும் இணைந்த லேசர்களுக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டுக.

நெடுவினா
1. தானே பிறக்கும் ஒழுங்கு நன்மையாகும் இடத்தையும் தீங்காகும் இடத்தையும் பாடப்பகுதியின் சான்றுகளுடன் ஒப்பிட்டுக் கட்டுரை வரைக.